அம்மா பெயர் சொன்ன பறவைகள்

பொங்கல் விடுமுறைக்கு நீலகிரி என்று முடிவானதுமே நான் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டேன். நீலகிரிச் சிரிப்பான், சோலைக்கிளி, கருஞ்செம்மஞ்சள் ஈப்பிடிப்பான், நீலகிரி ஈப்பிடிப்பான், நீலகிரிக் காட்டுப்புறா. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் காணக் கிடைக்காத பறவைகள். மதுரையில் மொட்டைமாடியிலும் வண்டியூர்க் கண்மாய்க் கரையிலும் ஐந்து வருடமாகப் பறவை பார்க்கிறவள் நான். அந்தப் பெயர்களை எழுதும்போதே கை பரபரத்தது.

உடன் வருகிறவர்களைப் பற்றி அப்போது யோசிக்கவே இல்லை. பதினோரு வயது மகள், ஆறு வயது மகன், பறவை என்றால் கோழி வரைக்கும் போதும் என்று இருக்கும் கணவர், அறுபத்தெட்டு வயதில் முட்டிவலியோடு என் அம்மா. அம்மாவை வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. "நான் வண்டியிலயே உக்காந்துக்கிறேன், நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க" என்று சொல்லித்தான் கிளம்பி வந்தாள்.

பொங்கலன்று வீட்டில் பானை வைத்துவிட்டு மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு வண்டியெடுத்தோம். இரண்டு இரவு கோத்தகிரி, இரண்டு இரவு மசினகுடி. மலை ஏறுவதற்கான இ-பாஸை முந்தின வாரமே எடுத்து வைத்திருந்தேன். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை இருப்பதால் ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில், வெந்நீருக்கு ஒரு பெரிய பிளாஸ்க். இதெல்லாம் சரியாகச் செய்துவிட்டேன். சின்னவனுக்குக் காலையில் வயிறு நிறையப் பாலும் பிஸ்கட்டும் கொடுத்ததுதான் தப்பு. மேட்டுப்பாளையம் தாண்டிக் கோத்தகிரிச் சாலையில் ஏறத் தொடங்கிய அரை மணி நேரத்தில் அவ்வளவும் வெளியே வந்துவிட்டது. மலையேறும் நாளில் குழந்தைகளுக்கு இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும். கொண்டை ஊசி வளைவுகளில் போனைப் பார்க்க விடாதீர்கள்.

மறுநாள் காணும் பொங்கல். ஐந்தரை மணிக்கே பிள்ளைகளை எழுப்பிவிட்டேன். கண்மாய்க் கரைப் பழக்கம் அது; சமவெளியில் விடிவதற்கு முன்னால் போய் நின்றால்தான் பறவை. ஆனால் கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், மாதமோ தை. புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி. சோலை என்கிற அடர்ந்த மலைக்காட்டுக்குள் வெளிச்சம் இறங்கவே ஏழரை ஆகிவிட்டது. அதுவரை ஒரு இறகு அசையவில்லை. சின்னவன் கையை அக்குளில் வைத்துக்கொண்டு அழுதான். பெரியவள் அழவில்லை, ஆனால் என்னைப் பார்க்கவும் இல்லை.

அந்த நிலையில்தான் நான் செய்யக் கூடாததைச் செய்தேன். புதருக்குள் இருந்து நீலகிரிச் சிரிப்பானின் குரல் கேட்டது. பெயருக்கேற்ற குரல், நாலைந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வது போலத் தொடங்கி உயர்ந்துகொண்டே போகும். ஆள் மட்டும் வெளியே வரவில்லை. போனில் பதிவு செய்து வைத்திருந்த அதே பறவையின் குரலை எடுத்துப் போட்டேன். உடனே வந்துவிட்டது. ஆறடி தூரத்தில் கிளையில் உட்கார்ந்து, வெள்ளைப் புருவமும் செம்பழுப்பு வயிறும் தெளிவாகத் தெரிய, அங்கும் இங்கும் தலையைத் திருப்பியது. பதில் குரல் கொடுத்தது. கீழ்க்கிளைக்கு இறங்கியது, மேலே ஏறியது, மறுபடி வந்தது. என் படங்களெல்லாம் அருமையாக வந்தன. "அம்மா, அது யாரைத் தேடுது?" என்று பெரியவள் கேட்டாள்.

அவளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தன் இடத்துக்குள் இன்னொரு பறவை புகுந்துவிட்டது என்று நம்பி, இரை தேட வேண்டிய குளிர்காலைப் பொழுதை இல்லாத எதிரியைத் துரத்துவதில் அது செலவழித்துக்கொண்டிருந்தது. அன்று போனிலிருந்து அந்தப் பதிவுகளை எல்லாம் அழித்தேன். குரலைக் கேட்டு அடையாளம் சொல்லும் மெர்லின் போன்ற செயலிகளை வைத்துக்கொள்ளலாம்; முன்கூட்டியே தரவிறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். ஆனால் அது கேட்பதற்கு மட்டும். பறவைக்குப் போட்டுக் காட்டுவதற்கு இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். நாம் காட்டில் எப்படி நடக்கிறோமோ அதுதான் அவர்களுக்குப் பாடம்.

அடுத்த நாள் காலை முறையை மாற்றினோம். எட்டு மணி வரை தூங்கவிட்டு, சுடச்சுடத் தோசை சாப்பிட வைத்து, லாங்வுட் சோலைக்குப் போனோம். வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போக வேண்டிய இடம் அது. உள்ளே வெகுதூரம் நடக்கவில்லை. வெயில் விழும் ஒரு ஓரத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டோம். கால் மணி நேரத்தில் கருஞ்செம்மஞ்சள் ஈப்பிடிப்பான் ஆண் ஒன்று தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஒரு குச்சியில் வந்து உட்கார்ந்தது. தலையும் இறக்கையும் கறுப்பு, மற்ற உடம்பெல்லாம் பழுத்த ஆரஞ்சுப் பழம். அது அலைந்து திரியும் பறவை இல்லை. ஒரே இடத்தில் இருக்கும், இறங்கிப் பூச்சியைப் பிடிக்கும், திரும்ப அதே குச்சிக்கு வரும். சின்னவனுக்குத் தொலைநோக்கியே தேவைப்படவில்லை. முதல் பறவையாகக் குழந்தைக்குக் காட்ட இதைவிட நல்லது நீலகிரியில் இல்லை என்பேன்.

"இது ராம்சார் இடம்ங்கிறாங்களே, தண்ணி எங்க இருக்கு?" என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். 116 ஹெக்டேர்தான் இந்தச் சோலை. 2024 ஜனவரி 31 அன்று, அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்தோடு சேர்த்து, ராம்சார் ஒப்பந்தத்தின்படி இதையும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவித்தார்கள். கரைவெட்டியைப் பார்த்தால் யாரும் ஈரநிலம் என்று சொல்லிவிடுவார்கள். இங்கே தண்ணீர் மண்ணுக்குள் இருக்கிறது. மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, கோடையிலும் ஊற்றாகக் கசியவிடுகிற மண். கீழே இருக்கிற ஊர்களுக்குக் குடிநீர் அதிலிருந்துதான். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பறவைகள் 26-ல் 14 இங்கே இருக்கின்றன. காலடியில் இலைச்சருகை விலக்கி மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திக் காட்டினேன். பிள்ளைகள் இருவரும் செய்து பார்த்தார்கள். வாயால் விளக்கியதைவிட அது எளிதாகப் புரிந்தது.

சோலைக்கிளியைப் பற்றியும் ஒரு கதை சொன்னேன். கிளி என்று பெயரே தவிர, பச்சைக்கிளிக்கும் அதற்கும் உறவில்லை. கருநீலத்தில், தரையோரம் தத்தித் திரியும் சின்னப் பறவை. நீலகிரியில் இருப்பதற்கு வயிற்றோரம் செம்பழுப்பு. பழனி மலையில், கொடைக்கானல் பக்கம் இருப்பதற்கு வயிறு வெள்ளை. சிரிப்பானும் அப்படித்தான், இங்கே ஒரு இனம், அங்கே வேறொன்று. நடுவில் இருப்பது பாலக்காட்டுக் கணவாய், வெறும் 30, 40 கிலோமீட்டர் அகலம். "பறவைதானே, பறந்து போக வேண்டியதுதானே" என்றான் சின்னவன். குளிர்ந்த சோலையை விட்டு வெளியே வராத பறவைக்கு அந்த வெக்கைப் பள்ளத்தாக்கு ஒரு கடல். மலையுச்சிகள் தீவுகள். பல இலட்சம் ஆண்டுகள் அப்படிப் பிரிந்திருந்ததில் இனமே வேறாகிவிட்டது. இந்தப் பறவைகளுக்கென்றே இரண்டு தனிப் பேரினங்கள் வேண்டும் என்று ஆய்வாளர்கள் 2017-ல் காட்டினார்கள். அதில் ஒன்றுக்கு அறிவியல் பெயரே நம் சோலையிலிருந்து எடுத்ததுதான்: சோலிகோலா.

கோத்தகிரியில் அம்மா பெரும்பாலும் தங்குமிடத்து முற்றத்தில், வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். செம்மீசைச் சின்னானும் வெள்ளைக்கண்ணியும் கைக்கெட்டும் தூரத்தில் வந்து போயின. "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதெல்லாம் நமக்குத் தெரியாத குருவிகத்தா" என்றாள். அவள் குரலில் இருந்ததை நான் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் கீழே இறங்கினோம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழி பக்கம்தான். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகளோடு அத்தனை செங்குத்து. வெளியூர் வண்டிகளை அந்தப் பக்கம் இறங்க விடவில்லை. ஆகவே பைக்காரா, நடுவட்டம், கூடலூர், தெப்பக்காடு என்று சுற்றித்தான் போனோம். விடுமுறைக் கூட்டத்தில் ஊட்டியைக் கடக்கவே இரண்டு மணி நேரம். அந்த வாரத்தில் போகிறவர்கள் ஊட்டி ஏரி, தொட்டபெட்டா இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். முதுமலை வழிச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டி விடமாட்டார்கள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடலூர் தாண்டியதும் எல்லாரும் ஸ்வெட்டரைக் கழற்றினோம். மசினகுடி சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே கொட்டும் மழையை நீலகிரி தடுத்துவிடுவதால் இந்தப் பக்கம் முள்காடு, வெயில், நமக்குப் பழகிய சூடு. தங்குமிடம் தேடும்போது ஊருக்குள் இருப்பதையே எடுத்தேன். இந்தப் பக்கத்துச் சிகூர் யானை வழித்தடம் தொடர்பான வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழித்தட அறிவிப்பு செல்லுபடியாகும் என்று தீர்ப்பளித்திருக்கிறது. காட்டை ஒட்டிய விடுதி என்று கவர்ச்சியாகப் போட்டிருந்தால், அது யானை நடக்கும் பாதையா என்று விசாரிப்பது நம் பொறுப்பு.

அங்கேதான் மரவகண்டி. பைக்காராவில் மின்சாரம் எடுத்த தண்ணீர் வந்து தேங்குகிற நீர்த்தேக்கம். பின்னால் நீலகிரியின் சுவர் மாதிரி எழும் சரிவு. முன்னால் தண்ணீருக்குள் பட்டுப்போய் நிற்கும் மரங்கள். உள்ளூர் இருளர் இளைஞர் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டோம். அணைப்பக்கம் போகக் கூடாது, சாலையில் கண்ட இடத்தில் இறங்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஊர்மாடுகள் தண்ணீர் குடிக்க இறங்கும் கரையோரம் ஜீப்பை நிறுத்தினார். அதற்கு மேல் ஒரு அடிகூட வேண்டாம், இங்கேயே உட்காருங்கள் என்றார்.

அம்மா வண்டியிலிருந்து இறங்கியதும் முந்தானையை நெற்றிக்கு மேல் பிடித்துத் தண்ணீரைப் பார்த்தாள். அப்புறம் எங்களை யாரும் கேட்கவே இல்லை.

"அந்தா பாரு முக்குளிச்சான். முங்கிருச்சா? இப்ப அங்கிட்டு எந்திரிக்கும் பாரு." எழுந்தது. "மரத்துல ரெக்கையக் காயப்போட்டுருக்கே, அது நீர்க்காக்கா. அதுக்குப் பக்கத்துல கழுத்து நீளமா இருக்குல்ல, அது பாம்புத்தாரா. தண்ணிக்குள்ள ஒடம்பு கெடக்கும், கழுத்து மட்டும் பாம்பு மாதிரி வரும்." "மாட்டுக் காலுக்குள்ள நடக்குதே, உண்ணிக்கொக்கு." "கரையில குறுகி உக்காந்துருக்கறது மடையான். இப்பப் பழுப்பா இருக்கா? பறக்கும்போது பாரு, வெள்ளை வெளேர்னு இருக்கும்." சின்னவன் ஒரு அடி முன்னால் வைத்தான். மடையான் எழுந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது. அவன் அம்மாச்சியை மந்திரவாதியைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

அம்மா பிறந்த ஊர் சிவகங்கை மாவட்டம், கொள்ளுக்குடிப்பட்டிக்குப் பக்கம். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கும் இடம். கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் அவை. எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும், பறவை பற்றி அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. பறவை பார்ப்பது என்பது நான் முப்பது வயதுக்கு மேல் புத்தகத்தில் கற்றுக்கொண்ட ஒரு விஷயம் என்றே நினைத்திருந்தேன்.

நீர்த்தேக்கத்தின் மேலே பருந்து போல ஒன்று வட்டமடித்தது. அடிப்பக்கம் வெள்ளை, இறக்கை நீளம். நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அது ஒரு இடத்தில் இறக்கையை அடித்துக்கொண்டே அப்படியே நின்றது, கால்களை முன்னால் நீட்டிக்கொண்டு தண்ணீரில் விழுந்தது. "விராலடிப்பான்யா!" என்று அம்மா கத்தியதில் மாடுகூடத் திரும்பிப் பார்த்தது. ஆஸ்ப்ரே என்று நான் ஐந்து வருடமாக உச்சரித்துக்கொண்டிருந்த பறவைக்கு அவளிடம் இருந்த பெயர் அது. விராலை அடிப்பவன். என்ன செய்யும், எதைத் தின்னும், எங்கே தேட வேண்டும் என்று மூன்று செய்தியும் ஒரே சொல்லில் இருக்கிறது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் வலசைப் பறவை அது. வழுக்கும் மீனைப் பிடித்துக்கொள்ள அதன் வெளிவிரல் பின்பக்கம் திரும்பும் என்று நான் புத்தகத்திலிருந்து வாசித்தேன். அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டாள். அப்படித்தான் மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம்.

பெரியவள் நோட்டில் கோடு போட்டு இரண்டு பத்தியாகப் பிரித்தாள். ஒன்றில் அம்மாச்சி சொன்ன பெயர், இன்னொன்றில் புத்தகப் பெயர். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும் நாட்கள் அவை. 2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் ஒவ்வொரு பொங்கலுக்கும் நடத்துவது. ஒரு இடத்தில் குறைந்தது 15 நிமிடமாவது நின்று, பார்த்த இனங்களையும் எண்ணிக்கையையும் ஈபேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும். யார் வேண்டுமானாலும் சேரலாம். குழந்தைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியவில்லை. ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, ஒருவர் நேரம் பார்க்க என்று வேலை பிரித்துக் கொடுத்துவிட்டால் "எப்ப போலாம்" என்ற கேள்வி வராது. நீர்க்காகத்தைச் சின்னவன் 41 என்றான். பெரியவள் 38 என்றாள். திரும்ப எண்ணினார்கள்.

தொலைநோக்கி பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், வாங்குகிறவர்கள் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். பெரிய எண் நல்லது என்று 12, 16 மடங்கு பெருக்குவதை வாங்காதீர்கள். கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெருகும். 8×42 போதும். அதாவது 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். பிள்ளைகளுக்கு 8×32 இன்னும் கனம் குறைவு. முதலில் வெறும் கண்ணால் பறவையைப் பிடித்து, அதைவிட்டுப் பார்வையை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குத் தூக்கப் பழக்குங்கள். கருவியை வைத்துக்கொண்டு தேடினால் வானம்தான் தெரியும். அம்மா கண்புரை அறுவை செய்து கண்ணாடி போட்டிருப்பவள். நான் கொடுத்தபோது ஒன்றும் தெரியவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். கண் வைக்கும் ரப்பர் விளிம்பை உள்ளே திருகிவிட்டுக் கொடுத்த பிறகு ஒரு நிமிடம் பேசவே இல்லை. "அதோட கண்ணு செவப்பா இருக்கு" என்றாள். எந்தப் பறவையைச் சொன்னாள் என்று எனக்கு இன்னும் தெரியாது. கண்ணாடி போட்டவர்கள் அந்த விளிம்பை மடக்க வேண்டும் என்று கடையில் யாரும் சொல்வதில்லை.

மாலை ஐந்து மணி தாண்டியதும் கரையின் அந்தக் கோடியில் ஆள்காட்டிக் குருவி கத்த ஆரம்பித்தது. ஒன்று, அப்புறம் இரண்டு, எழுந்து பறந்துகொண்டே விடாமல் கத்தல். "யாரோ வர்றாங்க" என்று அம்மா சொன்னதும் வழிகாட்டித் தம்பி எழுந்து நின்றதும் ஒரே நேரம். "அம்மா, மெதுவா ஏறுங்க. புள்ளைகளை முன்னால ஏத்துங்க" என்றார். ஓடவில்லை, கத்தவில்லை. எல்லாரும் ஜீப்பில் ஏறிய பிறகு முள்புதருக்குள் இருந்து நான்கு யானைகள் வந்தன, நடுவில் ஒரு குட்டி. எங்களுக்கும் அவற்றுக்கும் நல்ல தூரம் இருந்தது. ஆனாலும் தம்பி வண்டியைப் பின்னால் எடுத்துவிட்டார். மாலையில் தண்ணீர் அவற்றுக்குத்தான் என்றார். பெயர் வைத்தவர்கள் அந்தப் பறவைக்கு வேறு பெயர் வைத்திருக்க முடியாது. ஈரநிலத்தில் குடும்பத்தோடு உட்காரும்போது ஒருவர் காது மட்டும் எப்போதும் ஆள்காட்டியிடம் இருக்கட்டும். வழிகாட்டி இல்லாமல் இந்தப் பக்கம் தண்ணீர்க் கரைக்குப் போகவே வேண்டாம். முழுக்கால் சட்டையும் நீளக் காலுறையும் போட்டுக்கொள்ளுங்கள். மாடு மேயும் புல்லில் உண்ணி உண்டு. இரவு குளிக்கும்போது பிள்ளைகளின் காதுக்குப் பின்னால், இடுப்பில் பார்த்துவிடுங்கள்.

கடைசி நாள் காலை பறவையைக் கண்டுபிடித்தவர் என் கணவர். வண்டி ஓட்டுகிறவருக்குத் தூரத்துப் பார்வை. "அது என்ன, கதவு பறக்கிற மாதிரி?" என்றார். சிகூர்ப் பக்கம் வானத்தில் மூன்று வெண்முதுகுப் பாறுகள், பிணந்தின்னிக் கழுகு என்பார்களே அவை. இறக்கையை அசைக்கவே இல்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அம்மாதான் சொன்னாள்: அவள் சிறுமியாக இருந்தபோது செத்த மாட்டை ஊருக்கு வெளியே பொட்டலில் போட்டுவிடுவார்களாம். பொழுது சாய்வதற்குள் எலும்புதான் மிஞ்சுமாம். அத்தனை பாறுகள் இறங்கும். "அப்புறம் எங்க போச்சுகன்னே தெரியல. பேய் பிசாசு ஓட்டிருச்சுன்னு சொல்லிக்கிட்டாக."

ஓட்டியது டைக்ளோபினாக். மாட்டுக்கு வலிக்குப் போடுகிற ஊசி. அந்த மாடு செத்து, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 1992-க்கும் 2007-க்கும் இடையில் 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். அதே கேட்டைச் செய்யும் கீட்டோபுரோபெனும் அசிக்ளோபினாக்கும் 2023-ல் தடை செய்யப்பட்டன. தென்னிந்தியாவில் பாறுகள் இன்னும் கூடு கட்டும் மிகச் சில இடங்களில் சிகூரை ஒட்டிய இந்த மாயாற்றுப் பள்ளத்தாக்கும் ஒன்று. ஊரில் இன்னமும் மாடு வைத்திருக்கும் என் மாமாவுக்கு அம்மா அன்றே போன் போட்டாள். மாட்டுக்கு ஊசி போட வந்தால் என்ன மருந்து என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னாள். மெலாக்சிகாம் என்றால் பாறுகளுக்குக் கெடுதல் இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, அவள் எழுத்துக் கூட்டித் திரும்பச் சொன்னாள்.

நான்கு நாளில் நோட்டில் ஏறியவை 63 இனங்கள். நான் போட்டுக்கொண்டு போன பட்டியலில் மூன்று கிடைத்தன. சோலைக்கிளியைப் பார்க்கவில்லை, குரல் மட்டும் ஒரு முறை கேட்டேன். பெரியவளின் இடப்பக்கப் பத்தியில், அம்மாச்சி பெயர் சொன்னவை 22. நீலகிரிச் சிரிப்பானுக்கு எதிரே அந்தப் பத்தி காலியாக இருந்தது. திரும்பும் வழியில் மேட்டுப்பாளையத்தில் சாப்பிட நிறுத்தியபோது அம்மா அதைப் பார்த்துவிட்டு, "கெக்கலிச்சான்னு போடுத்தா" என்றாள். பெரியவள் போட்டாள்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் கழித்து, அம்மா மறுபடி ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருந்தாள். பேசி முடித்து வைத்ததும் அடுப்படிக்கு வந்தாள்.

"கொள்ளுக்குடிப்பட்டிக் கம்மாயில தண்ணி கெடக்காம். நாரையெல்லாம் குஞ்சு பொரிச்சுருக்காம். மாசி பொறக்கறதுக்குள்ள போயிரணும். மாப்ளகிட்ட சொல்லிரு. வண்டிய ஊருக்கு வெளியவே நிறுத்திரணும், ஆரன் அடிக்கக் கூடாது."